முத்திரை இல்லாத தராசில் மீனை ஏற்றாதீர்கள்

ராஜகுளத்திலும் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்திலும் தூண்டில் போடும் தம்பிகளுக்கும், அவர்களை முன்னின்று அழைத்துப் போகும் அண்ணன்மாருக்கும்,



ஏரிக்கரையில் உட்கார்ந்து விராலுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நீங்கள். இப்போது ராடும் ரீலும் வாங்கி, ஞாயிறுதோறும் விடிவதற்கு முன்பே பைக்கைக் கிளப்பி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போய்விடுகிறீர்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடல் இல்லாமல் போயிற்று. அரசாணையில் போன கடலைப் பையன்கள் பைக்கில் போய்ப் பிடிக்கிறார்கள் என்று டீக்கடையில் கிண்டல் பேசுகிறவர்களும் உண்டு. அடுத்த பேச்சும் அதே டீக்கடையில்தான் கிளம்பியிருக்கிறது. கடலில் தூண்டில் போட்டி நடத்தப் போகிறீர்கள். தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் வாங்கப் போகிறீர்கள். அதிக எடையுள்ள மீனுக்குப் பெரிய பரிசு.

அதைத் தடுக்க இந்த மடல் எழுதப்படவில்லை. கட்டணம் வாங்க ரசீதுப் புத்தகம் அச்சடிப்பதற்கு முன்னால் உங்கள் காதில் விழவேண்டிய சில சங்கதிகள் இருக்கின்றன. போட்டி முடிந்து, சண்டை வந்து, பேச்சுவார்த்தை அறுந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

முதலில் பணம். நுழைவுக் கட்டணம் என்று நீங்கள் சொல்வது ஒரே பணம் அல்ல, இரண்டு பணம். பந்தல், ஐஸ், சாப்பாடு, முதலுதவி, கோப்பை, படகு வைத்தால் படகு வாடகை ஆகியவற்றுக்குப் போவது ஒன்று. வென்றவர் கைக்குப் போவது இன்னொன்று. இரண்டையும் ஒரே பையில் போட்டு, செலவு போக மிச்சத்தைப் பரிசாகக் கொடுப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். 40 பேர், தலைக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 40,000. முதல் பரிசு 20,000 என்று நோட்டீஸ் அடித்துவிட்டீர்கள். 40 பேருக்குப் பதில் 22 பேர் வந்தால்? பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுத்த பிறகு அந்த 20,000 எங்கிருந்து வரும்? அப்போதுதான் ‘அடுத்த வாரம் தருகிறோம் தம்பி’ என்ற வசனம் பிறக்கிறது.

வெளிநாட்டுக் கடல் போட்டிகளில் மூன்றாவதாக ஒரு பணமும் உண்டு. அடிப்படைக் கட்டணம் கட்டினால் கலந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் அதிக எடை மீனுக்கு ஒன்று, அன்றைய நாளின் பெரிய மீனுக்கு ஒன்று என்று தனித்தனி உண்டியல்கள் இருக்கும். இஷ்டப்பட்டவர்கள் கூடுதலாகப் பணம் போட்டு அவற்றில் சேரலாம். சேராதவர் திமிங்கலத்தையே பிடித்துவந்தாலும் அந்த உண்டியலில் ஒரு பைசா கிடையாது. உண்டியல் பணத்தில் நடத்துகிறவர்கள் ஒரு சதவீதத்தை எடுத்துக்கொள்வதும் உண்டு. அது எவ்வளவு என்பதை முன்கூட்டியே அச்சிட்டிருப்பார்கள். இந்த உண்டியலுக்கு அமெரிக்க மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘கல்கத்தா’. வெள்ளைக்காரர் காலத்துக் கல்கத்தாவின் குதிரைப் பந்தயச் சூதிலிருந்து கிளம்பிய சொல், கப்பலேறிப் போய்ப் படகுத்துறைகளில் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டு ஊரின் பெயரை உலகம் எதற்கெல்லாமோ வைத்திருக்கிறது, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த உண்டியல்கள் எவ்வளவு பெரிதாக வளரும், வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 ஜூனில் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் நடந்ததைப் பாருங்கள். மோர்ஹெட் சிட்டி என்ற ஊரில் ஆண்டுதோறும் ‘பிக் ராக்’ என்று ஒரு போட்டி. குறி நீல மார்லின். ஈட்டி போல மூக்கு நீண்ட பெரிய கடல்மீன், நம் கரையில் பிடிபடும் மயில்மீனுக்கு உறவு. போட்டியின் கடைசி நாளில் ‘சென்சேஷன்’ என்ற படகின் தூண்டிலில் ஒரு மார்லின் மாட்டியது. சுமார் ஆறு மணி நேரம் இழுத்துப் போராடிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தராசு காட்டியது 619.4 பவுண்டு, நம் கணக்கில் 281 கிலோ. 500 பவுண்டைத் தாண்டிய முதல் மீனுக்கென்று தனிப் பரிசு ஒன்றும் காத்திருந்தது. எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 35 லட்சம் டாலர். துறையில் கூடியிருந்தவர்கள் கத்திக் கொண்டாடினார்கள்.

பிறகு மீனின் உடம்பைப் பார்த்தார்கள். தண்ணீரில் இருக்கும்போதே சுறா கடித்த காயம் இருந்தது. 1939-ல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடி சங்கத்தின் விதிப்படி, தரையேறுவதற்கு முன் வேறு பிராணி கடித்துச் சதை கிழிந்த மீன் செல்லாது. கடிபட்ட மீன் முழு பலத்தோடு போராடியிருக்காது என்பது அந்த விதியின் நியாயம். மறுநாள் தீர்ப்பு வந்தது: தகுதியிழப்பு. படகுக்காரர்கள் ஆட்சேபித்தும் பலிக்கவில்லை. 484.5 பவுண்டு மீனோடு இருந்த ‘சுஷி’ என்ற படகு முதலிடத்துக்கு வந்து 27 லட்சம் டாலருக்கு மேல் வாங்கிப் போனது.

தீர்ப்பு கொடியதா, சரியா என்று அங்கே வாதம் நடந்தது. கடித்தது சுறா, தண்டனை தூண்டில்காரருக்கா என்று கேட்டால் மனசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்கிறது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அந்த விதி போட்டிக்கு முன்பே தாளில் இருந்தது. பணம் கட்டிய ஒவ்வொருவரும் அதை ஒப்புக்கொண்டுதான் கட்டினார்கள். அதனால்தான் 281 கிலோ மீன் தொங்கும்போதும், கூட்டம் கத்தும்போதும், நடத்தியவர்களால் ‘செல்லாது’ என்று சொல்ல முடிந்தது. உங்கள் போட்டியில் நண்டு கொறித்த பாறை மீன் ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள்? நம்ம பையன் பிடித்தால் ‘பரவாயில்லை’, பக்கத்து ஊர்ப் பையன் பிடித்தால் ‘விதி விதிதான்’. இப்படி ஆகாது என்று இன்று உங்களில் யாராவது சத்தியம் செய்ய முடியுமா?

இனித் தராசு. கடல் போட்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது, நம்மவர்கள் அதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள். ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்குத் தொங்கு தராசு ஒன்று வாங்கி, கொக்கியில் மீனை மாட்டித் தூக்கிப் பிடிப்பீர்கள். மீன் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். கடற்காற்று அடிக்கும். எண்கள் 3.42, 3.47, 3.39 என்று ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் ஒருவர் 3.47 என்று கத்துவார், எழுதுகிறவர் அதையே எழுதுவார். இரண்டாவது மீன் 3.45. அந்த 20 கிராமில் 10,000 ரூபாய் கைமாறும்.

மீன் மார்க்கெட்டில் நல்ல கடைக்காரர் வைத்திருக்கும் மின்னணுத் தராசின் முகப்பைப் பாருங்கள். எவ்வளவு எடை வரை தாங்கும், எத்தனை கிராம் எத்தனை கிராமாக ஏறும் என்று அதில் பொறித்திருக்கும். அந்த அளவு 10 கிராம் என்றால், 10 கிராமுக்குள் இருக்கும் வித்தியாசத்தை அந்தத் தராசு அறியாது. அதற்குள் வந்த இரண்டு மீன்களும் சமம் என்றுதான் எழுத வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி வியாபாரத் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். மின்னணுத் தராசுக்கு அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைக்காரர்கள் வந்து பார்ப்பது இதைத்தான். சர்வதேச சங்கமும் சாதனை மீன்களுக்கு இதையேதான் கேட்கிறது: 12 மாதத்துக்குள் சரிபார்த்த தராசு, எடை போடுவது தரையில், தூக்கும் கயிறு, துணி எடையைக் கழிக்க வேண்டும். ஆடும் படகில் போட்ட எடை செல்லாது. கால் கிலோ நெத்திலி வாங்க முத்திரைத் தராசு கேட்கிறீர்கள். 20,000 ரூபாய்ப் பரிசுக்கு வேண்டாமா?

மீனின் வயிறு இன்னொரு விஷயம். 2022 செப்டம்பரில் ஈரி ஏரியில் (ஆமாம், ‘ஈரி’ என்றே பெயர் கொண்ட அமெரிக்க ஏரி, நன்னீர்தான், களவுக்கு உப்பென்ன நன்னீரென்ன) ஒரு போட்டி நடந்தது. இரண்டு பேர் கொண்ட அணி ஒன்று ஐந்து மீன்களைக் கொண்டுவந்து போட்டது. பார்வைக்கு ஒவ்வொன்றும் 4 பவுண்டு தேறும் போலிருந்தது. ஐந்தும் சேர்ந்து 20 பவுண்டு சுற்றி வரவேண்டும். தராசு 33-க்கு மேல் காட்டியது. முதல் பரிசு ஏறக்குறைய 28,000 டாலர். நடத்தியவருக்குச் சந்தேகம் தட்டியது. மீனைக் கையில் பிடித்து அழுத்தினார். உள்ளே கெட்டியாக ஏதோ இடறியது. எல்லோர் முன்னிலையிலும் கத்தியால் வயிற்றைக் கீறினார். கொழுக்கட்டை போல ஈயக் குண்டுகள் விழுந்தன. ஐந்து மீனிலும் சேர்த்துப் பத்துக் குண்டுகள். எடை கூட்டுவதற்காகத் திணித்த வேறு மீன்களின் சதைத் துண்டுகள் தனி. கூட்டம் அந்த இருவரையும் அடிக்காமல் விட்டது அதிசயம். வழக்கு நீதிமன்றம் போனது. 2023-ல் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பத்து நாள் சிறைத் தண்டனை பெற்றார்கள். மீன்பிடி உரிமம் நிறுத்தப்பட்டது. லட்சம் டாலர் மதிப்புள்ள படகும் பறிபோனது.

நம் கரையில் ஈயம் கூடத் தேவையில்லை. வயிற்றுக்குள் ஐஸ் திணித்தாலும் எடை ஏறும். ஈரக் கோணியோடு சேர்த்துப் போட்டாலும் ஏறும். நேற்று மார்க்கெட்டில் வாங்கிய கொடுவாவை இன்று தூண்டிலில் மாட்டியது என்று காட்டவும் அதிக மூளை வேண்டாம். செவுளைத் தூக்கிப் பார்த்தால் பழைய மீன் தெரிந்துவிடும். ஆனால் தூக்கிப் பார்க்க ஒரு ஆளை நியமித்திருக்க வேண்டும், அவர் தூக்கினால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று முன்பே பேசியிருக்க வேண்டும்.

நேரத்திலும் தில்லுமுல்லு உண்டு. 2016-ல் மேரிலாந்தின் ‘ஒயிட் மார்லின் ஓப்பன்’ போட்டியில் 76.5 பவுண்டு மீனோடு ஒருவர் 28 லட்சம் டாலர் வென்றார். விதிப்படி காலை 8:30-க்கு முன் தூண்டில் தண்ணீரில் விழக்கூடாது. வென்றவர்களுக்கு உண்மை கண்டறியும் கருவிச் சோதனை வைப்பது அங்கே வழக்கம். அதில் சந்தேகம் கிளம்பி, வழக்காகி, மறுவருடம் நீதிபதி அந்தப் பரிசு செல்லாது என்றார். பணம் மற்ற வெற்றியாளர்களுக்குப் பிரிந்தது. நீங்கள் கருவியெல்லாம் வைக்க வேண்டாம். ஒரு விசில் ஊதினால் போதும், அதற்கு முன் வீசிய தூண்டிலில் வந்த மீன் சேராது என்று எழுதிவைத்தால் போதும்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நம் பையன்கள் அப்படியெல்லாம் இல்லை என்று நினைக்கலாம். இதை எழுதுகிறவர் சில வருடங்களுக்கு முன் ஒரு கடற்கரையில் நடந்த சின்னப் போட்டிக்குப் பார்வையாளராகப் போயிருந்தார். ஊர் எது, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். எடை போட நின்றவர் நடத்தியவரின் மச்சான். போட்டியாளர்களில் ஒருவர் நடத்தியவரின் தம்பி. மச்சான் கள்ளத்தனம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தம்பியின் சீலா முதலிடம் வந்தபோது யாரும் கைதட்டவில்லை. இரண்டாம் பரிசுக்காரருக்கு அறிவித்ததில் பாதிதான் கிடைத்தது. செலவு அதிகமாகிவிட்டது என்றார்கள். என்ன செலவு என்று கேட்டதற்குக் கணக்கு காட்ட நோட்டே இல்லை. அந்தப் போட்டி மறுவருடம் நடக்கவில்லை. நேர்மையாகப் பிடித்த அந்தத் தம்பிக்கும் அது கெட்ட பெயராகவே நின்றுவிட்டது.

இதற்கு மருந்து தேட அமெரிக்கா போக வேண்டியதில்லை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இறங்கி வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலை, ஜனநாயகம் என்று மேடையில் பெருமை பேசப் பயன்படுத்திப் பயன்படுத்தி அதன் உள்ளே இருக்கும் கறாரை மறந்துவிட்டோம். ஏரி வாரியம், பொன் வாரியம் என்று பொதுச் சொத்தும் பொன்னும் கையாளுகிற குழுக்களுக்கு ஆள் எடுக்கும் விதிகள் அதில் இருக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருக்கு மட்டுமல்ல, அவருடைய மாமன் மகன், அத்தை மகன், பெரியம்மா, சின்னம்மா மக்கள் என்று நெருங்கிய உறவுகளுக்கும் இல்லை. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது விவரம் அறியாத சிறுவன். ஊர்க்காரர்களை நம்பாததால் வைத்த விதியல்ல அது. நம்பிக்கை கெடாமல் இருக்க வைத்த விதி. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் இதே ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்தது, ஒரு தூண்டில் போட்டி நடத்துகிற உங்களுக்குத் தெரியாமல் போகலாமா?

கடற்கரை ஊர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் கூடிப் போகிற நம் பாலாறு வயலூருக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது; அந்த முகத்துவாரத்தில் வீச உங்களுக்கு ஆசை இருக்கும். ஆனால் அந்தக் கரைகளில் ஊர்ப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. அவர்களிடம் கேட்காமல் பேனர் கட்டாதீர்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தையொட்டிய தடை வளாகங்களின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சட்டம் உங்கள் தூண்டிலைத் தொடாது. இருந்தாலும் பிழைப்பை நிறுத்திவிட்டு வலையைத் தைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது, அவர் வீட்டு வாசலில் கோப்பையோடு போட்டோ எடுப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். படகு வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரரின் படகு, அவரே ஓட்ட வேண்டும், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். பிடித்த மீனை அந்த ஊர் ஏலத்திலேயே விடுங்கள். சுறா, திருக்கை இனங்களில் பல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை எடை மேடைக்குக் கொண்டுவந்தால் பரிசு கிடைக்காது, வழக்குதான் கிடைக்கும். கையகலம் கூட இல்லாத குஞ்சு மீன்கள் எடைக்குச் சேராது என்று ஒரு பட்டியலாவது போட்டுவிடுங்கள்.

எடைக்குப் பதிலாக நீளம் என்ற வழியும் இருக்கிறது. அளவுகோல் பதித்த பலகையில் மீனை வைத்து, அன்றைய ரகசியக் குறி எழுதிய சீட்டோடு போட்டோ எடுத்து, உயிரோடு கடலில் விட்டுவிடுவது. வெளிநாட்டில் பல போட்டிகள் இதற்கு மாறிவிட்டன. வயிற்றில் ஈயம் வைக்க இடமே இல்லை. கொன்று குவிக்கவும் வேண்டாம். ஆனால் உள்ளதைச் சொன்னால், ஒரு பாறை மீன் கூட வீட்டுக்கு வராத போட்டியை உங்கள் அம்மாக்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதல் வருடம் பாதிப் பரிசையாவது நீளத்துக்கு வைத்துப் பாருங்கள்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் யார் ஜெயிப்பார் என்று பணம் கட்டினால் அதை அப்போதே நிறுத்துங்கள். திறமையாட்டம், சூதாட்டம் என்ற வேறுபாட்டைத் தமிழ்நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமே சொல்கிறது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். அந்தத் தீர்ப்பை வைத்து டீக்கடையில் பந்தயப் புத்தகம் திறக்க முடியாது. கல்கத்தா உண்டியல் பக்கமே போகாதீர்கள்.

கேட்பது இவ்வளவுதான். செலவுக்கு எவ்வளவு, பரிசுக்கு எவ்வளவு என்று கட்டணத்தை இரண்டாகப் பிரித்து ரசீதிலேயே அச்சிடுங்கள். 22 பேர்தான் வந்தால் பரிசு எவ்வளவு என்பதையும் அதே நோட்டீஸில் போடுங்கள். எல்லாப் பணத்தையும் முதல் மீனின் தலையில் கொட்டாமல் கொடுவாவுக்கு, பாறைக்கு, சின்னப் பையன்களுக்கு என்று பிரியுங்கள். 20,000 ரூபாய்க்குப் பொய் சொல்லத் தோன்றுகிறவருக்கு 3,000 ரூபாய்க்குத் தோன்றாமல் போகலாம். எடை மேடையில் உங்கள் ஊர்க்காரர் யாரும் நிற்க வேண்டாம். கரையோர ஊரில் மீன் ஏலம் கூறுகிற ஒருவரையும், முத்திரைத் தராசு வைத்திருக்கிற ஒரு மீன் கடைக்காரரையும் அன்றைக்குக் கூலி கொடுத்துக் கூட்டிவாருங்கள். அவர்களுக்கு ஒரு மீனைப் பார்த்தால் எடை தெரியும், நாள் தெரியும், பொய் தெரியும். பரிசு மீன்களின் வயிற்றைக் கூட்டத்தின் முன் கீறுங்கள். எப்படியும் குழம்புக்குக் கீறத்தானே போகிறோம். மாலையே வரவு செலவை எழுதி எல்லோரும் பார்க்க வையுங்கள்.

இதையெல்லாம் ஒரே தாளில், தெருவில் எல்லோருக்கும் புரிகிற தமிழில் எழுதி, முதல் ரசீதைக் கிழிப்பதற்கு முன்பே ராஜகுளம் டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒட்டுகிற பசைக்குப் பணம் கொடுக்க இதை எழுதுகிறவர் தயார். அந்த ரூபாயும் கணக்கில் வரவேண்டும்.

இப்படிக்கு,
ராஜகுளத்துக்காரர் ஒருவர்